வீடு விற்கிறவருக்கு ஒரு லவ் லெட்டர்: எழுதலாமா, வேண்டாமா?

இந்த எபிசோட் முழுக்க நம்ம மெயிலுக்கு வந்த ஒரே ஒரு கேள்வியைப் பத்தித்தான். படிச்சதும் ரெண்டு வரியில பதில் போட்டுடலாம்னு நினைச்சேன். அப்புறம் யோசிக்க யோசிக்க அது வேற எங்கெங்கயோ கொண்டு போயிடுச்சு. அதனால உங்க எல்லார்கிட்டயும் பேசிடலாம்னு மைக்கை ஆன் பண்ணிட்டேன்.

கேள்வி கேட்டவங்க அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல, போர்ட்லண்ட் பக்கத்துல ஹில்ஸ்பரோங்கிற ஊர்ல இருக்காங்க. இன்டெல் கம்பெனியோட பெரிய சிப் ஆலைகள் இருக்கிற ஊர். அதனால நம்ம ஊர் இன்ஜினியர்களுக்கு அது ஒண்ணும் தெரியாத ஊர் இல்லை. அவங்க எழுதினதைச் சுருக்கிச் சொல்றேன்.

"நானும் கணவரும் ஆறு மாசமா வீடு தேடறோம். மூணு வீட்டுக்கு ஆஃபர் கொடுத்தோம், மூணும் கைநழுவிப் போச்சு. நாலாவதா ஒரு வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. விற்கிறவங்க வயசான தம்பதி, முப்பது வருஷமா அதே வீட்ல இருந்தவங்க. தோட்டத்துல ஒரு ஆப்பிள் மரம் இருக்கு. கூட வேலை செய்யற ஒருத்தர், ஆஃபரோட சேர்த்து ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, எங்களுக்கு அப்படித்தான் வீடு கிடைச்சதுங்கறார். எங்க ஏஜெண்ட் வேண்டவே வேண்டாம்ங்கறாங்க. எழுதலாமா? எழுதினா நாங்க யாருன்னு சொல்லணுமா, மறைக்கணுமா? எப்படியும் எங்க பேரைப் பார்த்தாலே தெரிஞ்சிடுமே?"

அந்தக் கடைசி வரியை நான் மூணு தடவை படிச்சேன். இந்த எபிசோடே அந்த வரிக்கான பதில்தான்னு வச்சுக்கோங்க.

முதல்ல, அங்க வீடு வாங்கறது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் இந்த லெட்டர் சமாச்சாரம் புரியும். நம்ம ஊர்ல வீடு பார்க்கப் போனா ஓனர் வீட்ல உட்கார்ந்து காபி குடிப்போம். அவர் எந்த ஊரு, பையன் எங்க வேலை பார்க்கறான், பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா, எல்லாம் பேசி முடிச்சப்புறம்தான் விலைக்கே வருவோம். அங்க பெரும்பாலும் வாங்கறவரும் விற்கிறவரும் பார்த்துக்கவே மாட்டாங்க. விற்கிறவருக்கு ஒரு ஏஜெண்ட், வாங்கறவருக்கு ஒரு ஏஜெண்ட். வீடு பார்க்கப் போற நேரத்துல வீட்டு ஓனர் வெளிய போயிடுவார். பிடிச்சிருந்தா ஒரு ஆஃபர் எழுதிக் கொடுக்கணும். அதுல விலை, கையிலிருந்து எவ்வளவு போடறீங்க, பேங்க் லோன் கிடைக்கும்ங்கறதுக்கான முன் ஒப்புதல் கடிதம், அட்வான்ஸ் தொகை, எந்தத் தேதியில பத்திரம் முடிக்கலாம், எந்தெந்த நிபந்தனை நிறைவேறலைன்னா பின்வாங்குவீங்க, எல்லாம் இருக்கும். வீட்டை இன்ஸ்பெக்ஷன் பண்ணி ஏதாவது பெரிய பழுது இருந்தா விலகிக்கலாம், பேங்க் போடற மதிப்பு விலையை விடக் குறைஞ்சா விலகிக்கலாம், இந்த மாதிரி.

நல்ல ஏரியாவுல ஒரு வீடு விற்பனைக்கு வந்தா ஒரே வாரக் கடைசியில பல ஆஃபர் வந்து விழும். 2021 ஜனவரியில அமெரிக்காவுல முப்பது வருஷ வீட்டுக் கடனோட சராசரி வட்டி 2.65 சதவீதத்துக்கு இறங்கிச்சு. வரலாறு காணாத குறைவு. ஊரே வீடு வாங்கக் கிளம்பிடுச்சு. அப்புறம் 2023 அக்டோபர்ல அது 7.79 வரைக்கும் ஏறினப்ப, குறைஞ்ச வட்டியில கடன் வாங்கினவங்க யாரும் வீட்டை விட்டு நகர மாட்டேன்னுட்டாங்க. வாங்க ஆள் இருக்கு, விற்க வீடு இல்லை. போட்டி அப்படியே நின்னுடுச்சு.

இந்தப் போட்டியில ஒருத்தர் தனிச்சுத் தெரியறதுக்குப் பண்ற வேலைதான் இந்த லெட்டர். ஒரு பக்கக் கடிதம். "உங்க வீட்டுக்குள்ள கால் வச்சதுமே இதுதான் எங்க வீடுன்னு தோணிச்சு" அப்படின்னு ஆரம்பிச்சு, தாங்க யாரு, என்ன வேலை, எத்தனை குழந்தைங்க, நாய்க்குட்டி பேரு என்ன, எல்லாம் எழுதி, குடும்ப ஃபோட்டோ ஒண்ணையும் சேர்த்து அனுப்புவாங்க. ரியல் எஸ்டேட்காரங்க இதுக்கு வச்சிருக்கிற பேரே 'லவ் லெட்டர்'தான். விளையாட்டுக்குச் சொல்லலை, சட்ட வாதங்கள்லயே இந்தப் பேர்தான் வருது.

இது வேலை செய்யுமா? செய்யும். அதை நான் மறுக்கப் போறதில்லை. முப்பது வருஷம் வாழ்ந்த வீட்டை விற்கிறது ஷேர் விற்கிற மாதிரி கிடையாது. பையன் எவ்வளவு வளர்ந்தான்னு கதவு நிலையில பென்சில்ல கோடு போட்டு வச்சிருப்பாங்க. அம்மா கடைசியா படுத்திருந்த ரூம் அது. அந்த வீட்டை இடிச்சுட்டு ரெண்டு மாடி கட்டப்போற ஒரு கம்பெனிக்குக் கொடுக்கறதை விட, ஆசையா வாழப்போற ஒருத்தருக்குக் கொடுக்கணும்னு தோணறது ரொம்ப இயல்பு. ரெண்டு ஆஃபர் கிட்டத்தட்ட ஒரே விலையில இருந்தா லெட்டர் தராசைச் சாய்ச்சிடும். கொஞ்சம் குறைஞ்ச விலைக்கே கொடுத்தவங்களும் உண்டு.

சரி, அப்ப அந்த ஏஜெண்ட் ஏன் வேண்டாம்ங்கறாங்க?

2020 அக்டோபர்ல அமெரிக்காவோட தேசிய ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு அறிவுரை சொல்லிச்சு. இந்த மாதிரி லெட்டரை எழுத உதவாதீங்க, படிக்காதீங்க, கொண்டுபோய்க் கொடுக்காதீங்கன்னு. அதுக்கு அவங்க சொன்ன உதாரணம் எனக்குப் பிடிச்சிருந்தது. "கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலைல எங்க குழந்தைங்க இந்த மாடிப்படியில ஓடி இறங்கி வர்றதை இப்பவே கண்ணால பார்க்க முடியுது" அப்படிங்கற மாதிரி ஒருத்தர் எழுதறார். கேட்கும்போது எவ்வளவு அழகான வரி? ஆனா அந்த ஒரு வரியில அவர் ரெண்டு விஷயம் சொல்லிட்டார். தன்னோட மதம் என்ன, தனக்குக் குழந்தைங்க இருக்காங்களா. இந்த ரெண்டையும் வச்சு வீடு விற்கிறதுங்கறது அமெரிக்காவுல சட்டவிரோதம்.

அந்தச் சட்டத்துக்குப் பேர் ஃபேர் ஹவுசிங் ஆக்ட். 1968 ஏப்ரல் 4-ம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்படறார். சரியா ஒரு வாரம் கழிச்சு, ஏப்ரல் 11-ம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் இதுல கையெழுத்துப் போடறார். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, இதை வச்சு யாருக்கும் வீடு மறுக்கக் கூடாது. 1974-ல பாலினத்தையும், 1988-ல மாற்றுத்திறன், குழந்தைகளோட வாழற குடும்பம்ங்கற ரெண்டையும் சேர்த்தாங்க.

இதுல ஒண்ணு கவனிங்க. லெட்டர் எழுதறவர் மேல சட்டம் பாயாது. யாரு வேணா என்ன வேணா எழுதலாம். அதைப் படிச்சுட்டு, அந்தக் காரணத்துக்காக ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிற விற்பனையாளரும், அதுக்குத் துணைபோன ஏஜெண்டும்தான் மாட்டுவாங்க. அதாவது நீங்க அன்பா எழுதற லெட்டர், உங்களுக்கு வீடு கொடுக்கிற அந்த வயசான தம்பதி தலையில ஒரு வழக்கைக் கட்டிவிடலாம். தோத்த இன்னொருத்தர் "எங்க ஆஃபர் அதிகம், ஏன் கொடுக்கலை?"ன்னு கேட்டா, அந்த ஃபைல்ல இருக்கப்போறது உங்க குடும்ப ஃபோட்டோ.

நம்ம ஃபீல்டு ஆளுங்களுக்கு இதை ஒரே நிமிஷத்துல புரிய வச்சிடலாம். லோன் கொடுக்கலாமா வேண்டாமான்னு சொல்ற ஒரு மாடல் பண்றோம்னு வைங்க. பாரபட்சம் வரக்கூடாதுன்னு டேட்டாவிலேருந்து சாதி, மதம்ங்கற காலத்தை எடுத்துடறோம். ஆனா பின்கோடு, படிச்ச ஸ்கூல், அப்பா பேரு, எல்லாம் அப்படியே இருக்கு. மாடல் என்ன பண்ணும்? எடுத்த காலத்தை மிச்சம் இருக்கிறதை வச்சுக் கண்டுபிடிச்சுடும். ப்ராக்ஸின்னு சொல்வோமே, அதான். லவ் லெட்டர்ங்கறது முழுக்க முழுக்க ப்ராக்ஸியால ஆன டாக்குமெண்ட். "ஞாயிற்றுக்கிழமை காலைல தெருமுனை சர்ச்சுக்கு நடந்தே போயிடலாம்." "என் மனைவி இந்தச் சமையலறையில..." "எங்க தாத்தா காலத்துலேருந்தே நாங்க இந்த ஊர்க்காரங்க." எழுதறவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. படிக்கறவருக்கும் இல்லை. ஆனா படிச்சு முடிச்சதும் அவர் மனசுல ஒண்ணு தோணுது பாருங்க, "அட, இவங்க நம்மள மாதிரியே இருக்காங்களே." அங்கதான் பிரச்சினை.

"நம்மள மாதிரி" ஆளுக்கு வீடு கொடுக்கறதுல என்னப்பா தப்புன்னு கேட்கலாம். இதே ஆரிகன் மாநிலத்தோட கதையைக் கேட்டா புரியும். 1857-ல அவங்க எழுதின அரசியல் சட்டத்துல, வெளியிலேருந்து கறுப்பின மக்கள் யாரும் இங்க வந்து குடியேறக் கூடாது, நிலம் வச்சுக்கக் கூடாதுன்னு ஒரு பிரிவே இருந்தது. அதை நீக்கினது 1926-ல. அது போனப்புறமும் அமெரிக்கா முழுக்க வீட்டுப் பத்திரத்துலயே ஒரு ஷரத்து எழுதிச் சேர்ப்பாங்க. வெள்ளைக்காரர் அல்லாத யாருக்கும் இந்த வீட்டை விற்கக் கூடாது, அவங்க இங்க குடியிருக்கவும் கூடாது, வேலைக்காரங்களா இருந்தா மட்டும் தங்கலாம். இந்த மாதிரி ஷரத்தைக் கோர்ட் அமல்படுத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல, ஷெல்லி எதிர் கிரேமர் வழக்குல. அமல்படுத்தக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. இப்பவும் பழைய பத்திரங்களைப் புரட்டினா அந்த வரிகள் கண்ணுல படும்.

இது கறுப்பின மக்களோட கதை மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. நம்ம கதையும் உள்ள இருக்கு. 1913-ல கலிஃபோர்னியாவுல ஒரு சட்டம் வந்தது, குடியுரிமை பெறத் தகுதியில்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கக் கூடாதுன்னு. 1923-ல பகத் சிங் திந்த்ங்கற பஞ்சாபிக்காரரோட வழக்குல, இந்தியர்கள் 'வெள்ளையர்' இல்லை, அதனால குடியுரிமைக்குத் தகுதி இல்லைன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்துச்சு. அவர் முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர். அதுவும் எடுபடலை. இந்தியர்கள் அங்க குடியுரிமை வாங்கலாம்னு சட்டம் மாறினது 1946-ல. இன்னிக்கு ஹில்ஸ்பரோவுல நம்ம ஆளு ஒருத்தர் ஆஃபர் எழுதறார்னா, அந்தக் காகிதத்துக்குப் பின்னாடி இவ்வளவு நடந்திருக்கு.

அதெல்லாம் பழைய கதைன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. 2019-ல நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட்ல நியூஸ்டே பத்திரிகை மூணு வருஷம் உழைச்சு ஒரு புலனாய்வு வெளியிட்டாங்க. ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி தேவை இருக்கிற ரெண்டு பேரை, ஒரு வெள்ளையரையும் ஒரு வேற இனத்தவரையும், தனித்தனியா அதே ஏஜெண்ட்கிட்ட அனுப்பிப் பார்த்தாங்க. கறுப்பினத்தவர் போன சோதனைகள்ல 49 சதவீதம், ஹிஸ்பானிக் மக்கள் போனதுல 39 சதவீதம், ஆசியர்கள் போனதுல 19 சதவீதம், சமமில்லாம நடத்தப்பட்டதுக்கான அடையாளம் தெரிஞ்சது. இது லெட்டரே இல்லாம நடந்தது. முகத்தைப் பார்த்து, பேரைக் கேட்டு நடந்தது.

இதையெல்லாம் வச்சுத்தான் ஆரிகன் சட்டசபை 2021-ல ஒரு சட்டம் போட்டுச்சு. வழக்கமான விற்பனைக் காகிதங்களைத் தவிர வேற கடிதம், ஃபோட்டோ எது வந்தாலும் விற்கிறவரோட ஏஜெண்ட் அதை நிராகரிக்கணும். லவ் லெட்டரைத் தடுக்க சட்டம் கொண்டு வந்த முதல் மாநிலம் அதுதான். 2022 ஜனவரி 1-ல அமலுக்கு வந்தது. ஆனா அதுக்கு முன்னாடியே அந்த மாநிலத்து ரியல் எஸ்டேட் நிறுவனம் ஒண்ணு கோர்ட்டுக்குப் போயிடுச்சு. இது பேச்சுரிமையைப் பறிக்குதுன்னு வாதம். 2022 மார்ச்ல ஃபெடரல் நீதிபதி அந்தச் சட்டத்துக்கு இடைக்காலத் தடை போட்டார். ஆரிகனோட வீட்டுப் பாகுபாட்டு வரலாறு மோசமானதுதான், அரசோட நோக்கம் சரியானதுதான், ஆனா எந்தத் தப்பும் இல்லாத கடிதங்களையும் சேர்த்துத் தடுக்கற அளவுக்குச் சட்டம் அகலமா இருக்குங்கறது அவரோட பார்வை. அதே வருஷம் மே மாசம் அரசும் ஒத்துக்கிட்டு, சட்டம் நிரந்தரமா நின்னுபோச்சு. ஆக, இன்னிக்கு அங்க லெட்டர் எழுதத் தடை இல்லை. ஆனா 1968 சட்டம் அப்படியேதான் இருக்கு. கேள்வி கேட்ட தோழிக்கு இந்தச் சட்ட நிலைமை புரிஞ்சா அந்த ஏஜெண்ட் மேல கோபம் வராது. அவங்க பொறுப்பாத்தான் பேசறாங்க.

பேச்சுரிமை வாதத்துல நியாயமே இல்லைன்னு நான் சொல்லலை. அந்த ஆப்பிள் மரத்தைப் பத்தி ஒருத்தர் எழுதறதை அரசாங்கம் தடுக்கணுமான்னு கேட்டா, எனக்கும் தயக்கம்தான். ஆனா "தடுக்கலாமா"ங்கற கேள்வி வேற, "நான் எழுதணுமா"ங்கற கேள்வி வேற. கோர்ட் பதில் சொன்னது முதல் கேள்விக்குத்தான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஏன்னா இதைக் கேட்டுட்டு இருக்கிற பாதிப்பேருக்கு மனசுல ஒரு போர்டு வந்து நிக்கும். "வீடு வாடகைக்கு. சைவம் மட்டும்." சென்னையில வீடு தேடின யாருக்கும் அந்த போர்டை விளக்க வேண்டாம். நான் வேளச்சேரி பக்கம் வீடு தேடினப்ப, ஓனர் அட்வான்ஸ் எவ்வளவுன்னு சொல்றதுக்கு முன்னாடி "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டார். "சாஃப்ட்வேர் இன்ஜினியர் சார்"னு சொன்னேன். "அது தெரியும், அது இல்ல"ன்னார். ரெண்டு நாள் கழிச்சு புரோக்கர் ஃபோன் பண்ணி, "அந்த வீடு முடிஞ்சுடுச்சு தம்பி"ன்னார். ஒரு மாசம் கழிச்சும் அந்த வீட்டு போர்டு அங்கேயே தொங்கிட்டு இருந்தது. இதைக் கேட்கிற நிறைய பேருக்கு என்னை விட மோசமான அனுபவம் இருக்கும். பேரை வச்சே ஃபோனைக் கட் பண்ணினது, கல்யாணம் ஆகலைன்னு மறுத்தது, இன்னும் எவ்வளவோ.

அந்த ஓனர் மோசமானவர்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அவர்கிட்ட கேட்டா, "நம்ம ஆளா இருந்தா நிம்மதியா இருக்கும்பா"ம்பார். ஹில்ஸ்பரோ தம்பதி மனசுல லெட்டரைப் படிக்கும்போது தோணறதும் அதே வாக்கியம்தான். மொழிதான் வேற. அங்க அதைக் கேள்வி கேட்க ஒரு சட்டம் இருக்கு. இங்க தனியார் வீடு விற்கிறது, வாடகைக்கு விடறது விஷயத்துல அந்த மாதிரி ஒரு பொதுச் சட்டம் இல்லை. 2005-ல அகமதாபாத்ல இருக்கிற பார்சி கூட்டுறவு வீட்டுச் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்குல, உறுப்பினர்கள் பார்சியாத்தான் இருக்கணும்னு சங்கம் விதி வச்சுக்கறது செல்லும்னே நம்ம உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

இப்ப ஒரு சின்ன சோதனை. அதே ஹில்ஸ்பரோவுல வீட்டை விற்கிறவங்க ஒரு தமிழ்க் குடும்பம்னு வைங்க. வீட்டுக்குள்ள ஒரு பூஜை ரூம், பின்னாடி ஒரு கறிவேப்பிலைச் செடி. நீங்க லெட்டர் எழுதறீங்க: "நாங்களும் தமிழ்தாங்க. உங்க பூஜை ரூமை அப்படியே வச்சுக்குவோம்." அவங்களுக்குக் கண்ல தண்ணி. வீடு உங்களுக்கு. அதே விலைக்கு, இன்னும் நல்ல நிபந்தனையோட ஆஃபர் கொடுத்த ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு "சாரி, முடிஞ்சுடுச்சு"ன்னு மெசேஜ் போகுது. அந்தக் குடும்பம் நாலாவது தடவையா தோக்குது. எதனாலன்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியப்போறதில்லை. வேளச்சேரியில எனக்குத் தெரியாத மாதிரியே. இந்தச் சோதனையில நமக்குச் சங்கடமா இருந்தா, அந்தச் சங்கடம்தான் இந்தக் கேள்விக்கான பதில்.

நியாயத்தை விடுங்க, கணக்கு மட்டும் பார்த்தாலும் பதில் மாறாது. தோழி கேட்ட அந்தக் கடைசி வரிக்கு வர்றேன். "எப்படியும் எங்க பேரைப் பார்த்தாலே தெரிஞ்சிடுமே?" ஆமா, தெரியும். ஆஃபர்ல பேர் இருக்கும். இப்ப விற்கிறவங்க மூணு வகையா இருக்கலாம். ஒண்ணு, நிஜமாவே வெறுப்பு இருக்கிறவங்க. பேரைப் பார்த்ததுமே முடிவு பண்ணியிருப்பாங்க, லெட்டர் அதை மாத்தாது. ரெண்டு, யாரு என்னன்னு கவலையே படாம காகிதத்தை மட்டும் பார்க்கிறவங்க. அவங்களுக்கு லெட்டரே தேவையில்லை. மூணாவது வகைதான் நிறைய. வெறுப்பு கிடையாது, ஆனா மனசு தன்னை மாதிரி இருக்கிறவங்க பக்கம் தானா சாயும். அவங்க முன்னாடி பத்து லெட்டர் கிடக்குன்னா, அந்தப் பத்துல யாரோட லெட்டர் அவங்களோட சின்ன வயசை ஞாபகப்படுத்தும்? யாரு கிறிஸ்துமஸ் மரம், சின்ன லீக் பேஸ்பால், பாட்டி செஞ்ச ஆப்பிள் பைன்னு எழுதுவாங்க? நீங்க எவ்வளவு அழகா எழுதினாலும், அந்தப் போட்டியில நீங்க முதல்ல வர்றது கஷ்டம். லெட்டர் எல்லாருக்கும் உதவாது, ரொம்ப ஒத்துப்போறவருக்குத்தான் ரொம்ப உதவும். வெறும் எண்ணும் தேதியும் பேசற இடத்துல உங்களுக்கு இருக்கிற வாய்ப்பு, குடும்பக் கதைகள் பேசற இடத்துல இருக்காது. சில நேரம் நம்ம ஆளுங்களோட லெட்டரும் ஜெயிச்சிருக்கு, இல்லைன்னு சொல்லலை. அது அந்த ஒரு வீட்டுல கிடைச்ச அதிர்ஷ்டம்.

அப்ப என்னதான் பண்றது? வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்.

முதல் வேலை, விற்கிறவங்களுக்கு என்ன வேணும்னு உங்க ஏஜெண்ட் மூலமா அவங்க ஏஜெண்டைக் கேளுங்க. விலைதான் எல்லாருக்கும் முக்கியம்னு நாமளா முடிவு பண்ணிக்கிறோம். வயசான தம்பதி, முப்பது வருஷச் சாமான், போற இடம் இன்னும் ரெடியாகலைன்னா அவங்களோட பெரிய கவலை தேதியா இருக்கலாம். பத்திரம் முடிச்சப்புறமும் சில வாரம் அதே வீட்ல வாடகைக்குத் தங்கிக்கலாம்னு ஆஃபர்லயே ஒரு ஷரத்து சேர்க்க முடியும். ரெண்டு தடவை வீடு மாத்தற அலைச்சல் மிச்சம். எந்தக் குடும்ப ஃபோட்டோவை விடவும் அது அவங்க மனசைத் தொடும். அதுல நீங்க எந்த ஊர், என்ன சாமி கும்பிடறீங்கன்னு ஒரு எழுத்து இருக்காது.

ரெண்டாவது, நிச்சயத்தைக் கொடுங்க. விற்கிறவரோட பெரிய பயம், பாதியில டீல் உடைஞ்சுடுமோங்கறது. சாதாரண முன் ஒப்புதலுக்குப் பதிலா, சம்பளம், வரி, பேங்க் கணக்கு எல்லாத்தையும் முன்னாடியே முழுசா சரிபார்த்த கடன் ஒப்புதலைக் கொடுக்கற பேங்குகள் இருக்கு. விசாவுல இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். "இவங்களுக்கு லோன் வருமா?"ங்கற சந்தேகத்துக்குக் கதையால பதில் சொல்றதை விட பேங்க் காகிதத்தால சொல்றது நல்லது.

மூணாவது, வேற யாராவது அதிகம் கொடுத்தா, அதை விட இவ்வளவு கூடுதலா, இந்த எல்லை வரைக்கும் நான் தருவேன்னு ஒரு ஷரத்து போடலாம். எல்லையைக் கண்டிப்பா எழுதிடுங்க. போட்டி சூட்டுல இன்ஸ்பெக்ஷனே வேண்டாம்னு மட்டும் எழுதிடாதீங்க. கூரை ஒழுகற வீட்டை லவ் லெட்டர் எழுதி வாங்கினாலும் கூரை ஒழுகத்தான் செய்யும்.

இதுக்கப்புறமும் மனசு கேட்கலை, எழுதியே ஆகணும்னா, உங்க ஏஜெண்ட் ஒத்துக்கிட்டா, வீட்டைப் பத்தி மட்டும் எழுதுங்க. "அந்த ஆப்பிள் மரம் பிடிச்சிருக்கு, வெட்ட மாட்டோம். வீட்டை இடிக்க மாட்டோம். நீங்க போட்ட மரத்தரை ரொம்ப நேர்த்தி." போதும். ஃபோட்டோ வேண்டாம், குழந்தை வேண்டாம், கோயில் வேண்டாம், கணவன் மனைவின்னு கூட வேண்டாம். அவங்க ஏஜெண்ட் அதை வாங்க மாட்டேன்னு சொன்னா வருத்தப்படாதீங்க. அவங்க உங்களை மதிக்காம சொல்லலை.

என்னிக்காவது நீங்க விற்கிற பக்கம் உட்காருவீங்க. அதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். ஆஃபர்கள் வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு எது முக்கியம்னு ஒரு ஷீட்ல எழுதி வைங்க. விலை, கடன் நிச்சயம், தேதி, நிபந்தனைகள், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு வெயிட்டேஜ். லெட்டர் வந்தா எனக்குக் கொடுக்காதீங்கன்னு ஏஜெண்ட்கிட்ட சொல்லிடுங்க. ரிசல்ட்டைப் பார்த்துட்டு டெஸ்ட் கேஸை மாத்தக் கூடாதுன்னு நமக்குத் தெரியும் இல்லையா, அதே ஒழுங்குதான். சென்னையில ஃபிளாட்டை வாடகைக்கு விடறவங்களும் இதைப் பண்ணலாம். வாடகை, அட்வான்ஸ், எத்தனை பேர் தங்குவாங்க, எப்ப வருவாங்க. இந்த நாலு கேள்விக்கு மேல ஒரு ஓனருக்கு என்ன தெரியணும்? "என்ன ஆளுங்க"ங்கற கேள்வியை நம்ம தலைமுறை கேட்காம விட்டாலே போதும், அதுக்கு எந்தக் கோர்ட்டும் வேண்டாம். அப்பா அம்மா பேர்ல வீடு இருக்கு, அவங்கதான் கேட்கறாங்கன்னா, விளம்பரம் போடறது நம்ம ஃபோன்லேருந்துதானே? "சைவம் மட்டும்"ங்கற பெட்டியை டிக் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்ககிட்ட பேசலாம்.

தோழிக்குக் கடைசியா ஒண்ணு. உங்களுக்கு அந்தத் தம்பதிகிட்ட சொல்ல நிறைய இருக்குன்னு உங்க மெயில்லயே தெரிஞ்சது. அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஆஃபர் ஜெயிச்சு, பத்திரம் முடிஞ்சு, சாவி கைக்கு வந்தப்புறம் ஒரு லெட்டர் எழுதுங்க. அப்ப எல்லாத்தையும் எழுதுங்க. உங்க பேரு, ஊரு, ஊர்லேருந்து வந்து தங்கப்போற அம்மா, அந்த ஆப்பிள்ல ஊறுகாய் போடலாமான்னு அவங்க கேட்ட கேள்வி, ஃபோட்டோ, எல்லாம். அப்ப அந்த லெட்டரால யாரும் தோக்கப் போறதில்லை. அவங்களும் பயமில்லாம படிக்கலாம்.

நாலாவது வீடு கிடைச்சா எழுதிச் சொல்லுங்க. கிடைக்கலைன்னாலும் சொல்லுங்க, அடுத்த ஆஃபரைப் பத்திப் பேசுவோம். மத்தவங்க உங்க வீடு தேடற கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஓனர் பேரு, புரோக்கர் பேரு மட்டும் வேண்டாம்.